பழைய ஐரிஸ் ஆர்வலர் சந்திப்புக்கு முதல் தடவை: பூத்தண்டு கொண்டுபோவது, பெயர் கண்டுபிடிப்பது, கிழங்கு வாங்குவது

வேலியோரம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். மே கடைசியில் அப்பர் மான்ட்க்ளேர் பக்கம் பழைய ஐரிஸ் பூச்செடி வகைகளை வளர்ப்பவர்கள் கூடுகிறார்கள். காலையில் பிரெஸ்பி ஐரிஸ் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதாகவும், மதியம் பெயர் தெரியாத பூக்களைக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்வதாகவும் திட்டம். ஆகஸ்டில் அதே ஆட்கள் கிழங்கு பரிமாற்றம் வைக்கிறார்கள்.

எங்கள் வீடு 1930களில் கட்டியது. பின்வேலி ஓரம் மூன்று விதமான தாடி ஐரிஸ் (கீழிதழில் தாடி போல மயிர்வரிசை உள்ளது) இருக்கிறது.

ஒன்று முழுக்க வெளிர் மஞ்சள். இரண்டாவது குட்டையானது, மேலிதழ் மஞ்சள், கீழிதழ் செம்பழுப்பு. மூன்றாவது உயரம், மேலிதழ் வெண்கலம் கலந்த ரோஜா நிறம், கீழிதழ் வெல்வெட் மாதிரி ஒயின் சிவப்பு, தாடி மஞ்சள்.

பூவை வாடாமல் எப்படிக் கொண்டுபோவது? அடையாளம் சொல்பவர்கள் என்னென்ன கேட்பார்கள்? பரிமாற்றத்தில் கிழங்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

விசிறியிலை:

பூத்தண்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

முந்தின நாள் சாயங்காலம் அல்லது அன்று விடிகாலையில், வெயில் ஏறுவதற்குள் வெட்டுங்கள். வகைக்கு இரண்டு தண்டு வேண்டும். ஒன்றில் அன்றைக்கு விரிந்த பூ இருக்கட்டும். இன்னொன்று உச்சி மொட்டு நிறம் காட்டிச் சுருண்டு நிற்பதாக இருக்கட்டும், அது மதியத்துக்குள் விரிந்துவிடும். மூன்று நாள் ஆன பூவை எடுக்காதீர்கள். ஊதாவும் பழுப்பும் வெயிலில் வெளுத்து வேறு வகையைப் போலத் தெரியும்.

தண்டை அடியோடு, கிழங்கை ஒட்டி வெட்டுங்கள். பாதியில் வெட்டினால் உயரமும் கிளைகளின் எண்ணிக்கையும் போய்விடும், அடையாளத்துக்கு இவை நிறத்தைவிட முக்கியம். வெட்டியதும் ஆழமான வாளித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிழலில் நிற்க வையுங்கள். காரில் கொண்டுபோக, கனமான கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, அட்டைப்பெட்டிக்குள் நிறுத்தி, இடையில் செய்தித்தாளைச் சுருட்டி அடையுங்கள். பூவும் பூவும் தொடக்கூடாது, லேசாக உரசினாலே இதழில் கறை விழும். பூவுக்கு மேல் பிளாஸ்டிக் பையும் போடாதீர்கள். உள்ளே நீர் வேர்த்து இதழில் புள்ளி புள்ளியாக விழும். வண்டியில் ஏசி ஓடட்டும், ஆனால் காற்று நேராகப் பூவில் அடிக்க வேண்டாம்.

பலர் மறப்பது ஒன்று உண்டு: இலை. ஒரு விசிறியை, அதாவது விசிறி போல விரிந்த இலைக்கொத்தை, அடிப்பகுதியோடு உரித்து எடுத்துப் போங்கள். இலையடியில் ஊதா நிறம் ஏறியிருக்கிறதா, வெறும் பச்சையா என்பதே பல பழைய வகைகளைப் பிரித்துவிடும். மொட்டை மூடியிருக்கும் உறையையும் கிழித்துப் போடாதீர்கள். பூக்கும் வேளையில் அது முழுவதும் வெள்ளைக் காகிதம் போல உலர்ந்திருந்தால் ஐரிஸ் பல்லிடா என்ற காட்டு இனத்தின் வழி, பச்சையாக இருந்தால் வேறு வழி என்று முதல் பார்வையிலேயே சொல்வார்கள்.

அதோடு ஒரு சீட்டு. தரையிலிருந்து உச்சி மொட்டு வரை உயரம், கிளைகள், மொத்த மொட்டுகள், முதல் பூ விரிந்த தேதி, வாசம் உண்டா, எந்த ஊரில் எந்தக் காலத்து வீட்டுத் தோட்டம், இவ்வளவு போதும். வாசத்தைக் காலைப் பத்து மணிக்கு மேல், பூ சற்றுச் சூடானபின் முகர்ந்து எழுதுங்கள். குளிரில் பல வகைகளுக்கு வாசமே வராது.

---

பாத்திகட்டி:

விசிறியிலை அக்கா சொன்னதோடு புகைப்படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, கீழிதழின் கழுத்தில் தாடிக்கு இரண்டு பக்கமும் உள்ள கோடுகள் தெரிய நெருக்கமாக ஒன்று, அளவுகோல் நிறுத்தி முழுப் புதரும் ஒன்று. மேகமூட்டத்திலோ நிழலிலோ எடுங்கள். வெயிலில் போன் கேமரா ஊதாவை நீலமாக்கிவிடும்.

இனி உங்கள் மூன்று செடிகள். பூவைப் பார்க்காமல் பெயர் சொல்ல மாட்டேன், நீங்களும் எழுதிவிடாதீர்கள். எந்தப் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

வெளிர் மஞ்சள் என்றதும் அந்தப் பகுதியில் எல்லோரும் முதலில் சொல்லப்போவது 'ஃப்ளாவெசன்ஸ்'. 1813இல் தாவரவியலாளர் டி கான்டோல் பதிவு செய்த செடி. இடிந்த பண்ணை வீடு, கல்லறைத் தோட்டம், சாலையோரப் பள்ளம் என்று கவனிப்பாரில்லாத இடங்களில் இன்னும் பூக்கிறது. குட்டையான மஞ்சள், செம்பழுப்புக்கு 'ஹானரபிலே' (உருவாக்கியவர் லெமான், பிரான்ஸ், 1840). தண்டு மெல்லியது, பூ சிறியது. இதோடு எப்போதும் குழப்பப்படும் இன்னொன்று 'சான் சூசி' (வான் ஹூட், 1854). இரண்டும் ஒன்றின் பெயரில் மற்றொன்று விற்கப்பட்டே நூறாண்டு ஓடிவிட்டது. ஆகவே இரண்டையும் அருகருகே வளர்த்து ஒப்பிட்டவர் யார் என்று சந்திப்பில் விசாரித்து, அவரிடம் காட்டுங்கள். மூன்றாவதற்கு நீங்கள் எழுதிய வர்ணனை 'இண்டியன் சீஃப்' (ஏர்ஸ், 1929) பக்கம் இழுக்கிறது. ஆனால் 1920கள், 30களில் அதே சிவப்பில் டஜன் கணக்கில் வகைகள் வந்தன. 1929இல் ஐரிஸுக்கான உயரிய விருதான அமெரிக்க டைக்ஸ் பதக்கம் வாங்கிய 'டான்ட்லெஸ்' கூட அந்தச் சிவப்பு வரிசைதான். நிறம் ஒன்றை வைத்து முடிவு செய்ய இயலாது.

காலத்தைக் கணிக்கச் சில தடயங்கள் உண்டு. சந்திப்பில் வேகமாகப் பேசிக்கொண்டு போவார்கள், முன்கூட்டித் தெரிந்திருந்தால் புரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்ட வகைகளில் பெரும்பாலானவை 24 குரோமோசோம் கொண்டவை. பூ சிறியது, இதழ் மெல்லியது, தண்டு ஒல்லி, ஆனால் ஒரு புதரில் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேய ஐரிஸ் வளர்ப்பாளர் சர் மைக்கேல் ஃபாஸ்டர் துருக்கிப் பக்கத்திலிருந்து 'அமாஸ்' போன்ற 48 குரோமோசோம் செடிகளை வரவழைத்தார். காஷ்மீரில் கல்லறைகள் மேல் நடும் வெள்ளை ஐரிஸும் அந்த வம்சத்தில் கலந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய பூ, தடித்த தண்டு. ஆகவே உள்ளங்கை அகலப் பூவைக் காட்டி 1850 என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதழோரம் அலை அலையாக இருந்தால் பெரும்பாலும் 'ஸ்னோ ஃப்ளர்ரி' (ரீஸ், 1939) வழிவந்தது, அதாவது 1940களுக்குப் பிந்தையது. ஆரஞ்சுத் தாடியுடன் இளஞ்சிவப்புப் பூ என்றாலும் 1940களுக்கு முன் போகாது. ஊதா நிறத்தில் காய் பிடிக்கவே பிடிக்காத முரட்டுச் செடி என்றால் ஐரிஸ் ஜெர்மானிக்கா வகையறாவைச் சந்தேகியுங்கள். அதற்கு 44 குரோமோசோம், ஏறக்குறைய மலடு.

சிலர் 1929, 1939 ஆண்டுகளின் செக் லிஸ்ட் (வகைப் பட்டியல்) புத்தகங்களைக் கொண்டுவருவார்கள். அமெரிக்க ஐரிஸ் சங்கம் (1920இல் தொடங்கியது) வெளியிட்டவை. அதில் ஒரு வகைக்குப் பெயர், உருவாக்கியவர், ஆண்டு, வகுப்பு, பருவம், நிறக்குறியீடு இவ்வளவுதான் இருக்கும். அந்த ஒரு வரியோடு உங்கள் பூ ஒத்துப்போகிறது என்பது நிரூபணம் ஆகாது, அதே வரி இன்னும் ஐம்பது வகைகளுக்கும் பொருந்தும். பழைய நர்சரி கேட்லாக் படம், அக்காலத்து விரிவான வர்ணனை, நம்பகமான சேகரிப்பில் உயிரோடுள்ள செடி, இவை மூன்றும் சேர்ந்தால்தான் பேச்சு. ஒரு தவறான பெயர் பரிமாற்ற மேசை வழியாக இருபது வீட்டுக்குப் போனால் அதைத் திரும்பப் பிடிக்க வழியே கிடையாது. உண்மையான செடி அழிந்துவிட்டதைக்கூட அந்தப் போலிப் பெயர் மறைத்துவிடும். இந்த ஆபத்தைத் தெரிந்த கூட்டம் அது, அதனால் 'தெரியவில்லை' என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள்.

---

புல்வெளி:

தோட்டத்துக்குள் நடந்துகொள்வது பற்றி யாரும் சொல்லவில்லை.

தோள்பையையும் முதுகுப்பையையும் வண்டியிலேயே வையுங்கள். குனிந்து பெயர்ப்பலகையைப் படிக்கும்போது பின்னால் தொங்கும் பைதான் தண்டை ஒடிக்கும். பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், கிழங்குகள் மண்ணுக்கு மேலேயே கிடக்கும். வாடிய பூவை உதவியாக நினைத்துக் கிள்ளாதீர்கள், அது யாரோ மகரந்தம் சேர்த்துவிட்டுப் போன பூவாக இருக்கலாம். முதலில் பெயர்ப்பலகையைப் படம் எடுங்கள், அடுத்து பூவை. இந்த வரிசை மாறினால் வீட்டுக்கு வந்தபின் எந்தப் பெயர் எந்தப் பூவுக்கு என்று தெரியாது. பலகையைப் பிடுங்கிப் பூவுக்குப் பக்கத்தில் செருகிப் படம் எடுப்பது பெரிய குற்றம்.

பிரெஸ்பி தோட்டம் மலைச்சரிவில் இருக்கிறது. காலையில் பனி ஈரம், வழுக்காத மூடிய ஷூ போடுங்கள். ஐரிஸ் சங்கத்தின் நிறுவன உறுப்பினரான ஃபிராங்க் பிரெஸ்பியின் நினைவாக 1927இல் அமைத்தது அது. வடிவமைத்தவர் ஜான் விஸ்டர், சங்கத்தின் முதல் தலைவர். மிகப் பழைய வகைகள் உள்ள பாத்திகளில் முதலில் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் வந்தால் நிதானமாகப் படிக்க முடியாது.

---

மண்புழு நேசன்:

ஆகஸ்ட் பரிமாற்றம்.

'கிழங்கு பெரிதாக இருந்தால் நல்லது' என்பது புதிய வகைகளுக்குத்தான் பொருந்தும். 24 குரோமோசோம் பழைய வகைகளின் கிழங்கு விரல் கனம்தான் இருக்கும். அது நோஞ்சான் அல்ல, அதன் இயல்பே அவ்வளவுதான். கனம் பார்க்காமல் உறுதியைப் பாருங்கள். கட்டைவிரலால் நெடுக அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது உள்வாங்கினால் மூக்கருகே கொண்டுபோங்கள். அழுகல் இருந்தால் நாற்றம் உடனே தெரியும், அது பாக்டீரியாவால் வரும் மென்னழுகல்.

நடுவில் பூத்தண்டு வெட்டிய தழும்போடு இருக்கும் தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது. பக்கவாட்டில் இலை விசிறியோடு கிளம்பிய சேய்க்கிழங்கை எடுங்கள்.

அடுத்து துளைப்பான் என்ற புழு. ராக்கி மலைக்குக் கிழக்கே ஐரிஸ் வளர்ப்பவருக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. இலையுதிர் காலத்தில் அந்துப்பூச்சி காய்ந்த ஐரிஸ் இலைகளில் முட்டையிடும். ஏப்ரல், மே மாதத்தில் புழு பொரிந்து இலைக்குள் நுழைந்து, கீழ்நோக்கித் தின்றுகொண்டே போய், ஜூலையில் கிழங்கைக் குடையும். ஆகஸ்டில் கிழங்கைவிட்டு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். ஆகவே பரிமாற்ற நேரத்தில் புழு இன்னும் கிழங்குக்குள்ளேயே இருக்கலாம். வெளுத்த இளஞ்சிவப்பு உடல், பழுப்புத் தலை, இரண்டு அங்குலம் வரை வளரும். கிழங்கில் பென்சில் போகும் அளவு ஓட்டை இருந்தால் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். அல்லது அந்தக் கிழங்கை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளூர் தோட்டங்களிலிருந்து வருவதில்தான் இந்தப் பயம். ஓரிகான் பண்ணைகளிலிருந்து தபாலில் வரும் கிழங்குகளில் துளைப்பான் இருக்காது, அந்தப் பக்கம் அந்தப் பூச்சியே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் மண்ணைச் சுத்தமாகக் கழுவி, காய்ந்த இலைகளையும் செத்த வேர்களையும் நீக்கி, இலையை ஆறு அங்குலத்துக்கு வெட்டுங்கள். ஒரு பங்கு சலவை பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். நடத் தாமதமானால் காகிதப் பையில் காற்றோட்டமாக இரண்டு வாரம்கூட வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் மூன்றே நாளில் அழுகும்.

---

விசிறியிலை:

நேசன் ஐயா, பிளீச் விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். அது மேற்பரப்பில் உள்ள கிருமியை மட்டும்தான் கொல்லும். உள்ளே அழுகல் தொடங்கியிருந்தால் பத்து நிமிட ஊறலுக்கு ஒன்றும் ஆகாது. அப்போதுதான் வெட்டிய பச்சைக் காயத்தோடு கிழங்கைத் தண்ணீரில் ஊறவைப்பதும் நல்லதல்ல. கெட்ட இடத்தைக் கெட்டியான வெள்ளைச் சதை வரும்வரை கரண்டியால் சுரண்டி எடுத்து, வெட்டுவாயை வெயிலில் ஒரு நாள் காட்டினாலே போதும். கத்தியைத்தான் ஒவ்வொரு கிழங்குக்கும் நடுவே பிளீச் தண்ணீரில் முக்க வேண்டும், நோய் பரவுவது அந்த வழியாகத்தான்.

---

மண்புழு நேசன்:

கத்தி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல தோட்டத்துச் செடி ஒரே மேசையில் குவியும் இடத்திலிருந்து வருவதற்கு நான் ஊறவைக்கத்தான் சொல்வேன். காயம் இரண்டு நாள் உலர்ந்தபின் ஊறவையுங்கள், பச்சையாக இருக்கும்போது வேண்டாம். அந்த வரிசையை நான் தெளிவாக எழுதவில்லை.

நடுவது: நியூ ஜெர்சியில் செப்டம்பர் நடுவுக்குள் முடித்துவிடுங்கள். கடும் உறைபனிக்கு முன் ஆறு வாரமாவது வேர் ஓட வேண்டும், இல்லையென்றால் குளிர்காலத்தில் மண் உறைந்து உருகும்போது கிழங்கு வெளியே தள்ளப்படும். தினமும் ஆறு மணி நேர நேர்வெயில் விழும் இடம். உங்கள் பக்கத்துக் களிமண்ணில் பாத்தியை ஆறு அங்குலம் உயர்த்துங்கள். குழி நடுவில் சிறு மேடு கட்டி, கிழங்கை அதன்மேல் உட்காரவைத்து, வேர்களை இரு பக்கமும் சரித்துவிட்டு மண் அணையுங்கள். கிழங்கின் முதுகு மண்மட்டத்தில் தெரிய வேண்டும். இடைவெளி 16 முதல் 18 அங்குலம். முதல் நாள் நன்றாகத் தண்ணீர், பிறகு புது இலை வரும்வரை வாரம் ஒரு தடவை, அதன்பின் மழையே போதும். சாணி உரம் வேண்டாம், மேலே மரத்தூள் மூடாக்கும் வேண்டாம். உரம் போட்டே ஆக வேண்டுமென்றால் வசந்தத் தொடக்கத்தில் 5-10-10 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் விகிதம்), அதுவும் கிழங்கின்மேல் படாமல் சுற்றிலும் ஒரு பிடி. நைட்ரஜன் கூடினால் இலை கொழுத்து அழுகல் வரும்.

துளைப்பானுக்கு மருந்தைவிட முக்கியம், இலையுதிர் காலக் கடைசியில் காய்ந்த இலை எல்லாவற்றையும் பொறுக்கிக் குப்பையில் போடுவது. உரக்குழியில் போடாதீர்கள்.

---

வேலியோரம்:

அக்கா, ஐயா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். என் வேலியோரச் செடிகளை, பெயர் தெரியாத நிலையிலேயே, ஆகஸ்டில் பரிமாற்றத்துக்குக் கொடுக்கலாமா? கொடைக்கானலில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு டிசம்பரில் போகும்போது இரண்டு கிழங்கு பெட்டியில் எடுத்துப்போகலாமா?

---

பாத்திகட்டி:

கொடைக்கானலுக்குப் பெட்டியில் வேண்டாம். நடும் பொருளை இந்தியாவுக்குள் கொண்டுவர 2003 பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணைப்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும், அமெரிக்க விவசாயத் துறையின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இரண்டு கிழங்குக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. இன்னொன்று, தாடி ஐரிஸுக்குக் குளிர்கால உறக்கமும் வறண்ட கோடையும் வேண்டும். கொடைக்கானலில் இரண்டு பருவமழையும் விழும், உறைபனியோ சில இரவுகள்தான். பூ சந்தேகம், அழுகல் நிச்சயம்.

பெயர் தெரியாத செடியைக் கொடுக்கலாமா என்றால், அந்தச் சந்திப்பின் விதியைப் பொறுத்தது. பெயர் உறுதியானவை மட்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள். ஏற்றுக்கொண்டால், 'பெயர் தெரியாதது, எசெக்ஸ் கவுண்டி, 1930களின் வீடு, வெளிர் மஞ்சள், 75 செ.மீ.' என்று உங்கள் விவரத்தை எழுதிக் கொடுங்கள். 'ஃப்ளாவெசன்ஸ் மாதிரி' என்று எழுதாதீர்கள். 'மாதிரி' முதல் கைமாற்றத்திலேயே உதிர்ந்துவிடும்.

---

விசிறியிலை:

பெயர் எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பரிமாற்றத்தில் பாதிக் குழப்பம் இதனால்தான். தோண்டும் நிமிடத்திலேயே அழியாத மைப் பேனாவால் இலை விசிறியின் மேல் பெயரை எழுதுங்கள். சீட்டு கழன்றுபோகும், இலை போகாது. வாங்கும்போது கொடுப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: யாரிடமிருந்து வந்தது, எத்தனை வருடமாக வளர்க்கிறீர்கள், பூவை யாராவது பார்த்து உறுதி செய்தார்களா. பதில்களைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

தோட்டத்தில் அந்த மைகூட ஒரே கோடையில் வெளுத்துவிடும். பென்சிலால் எழுதிய துத்தநாகத் தகடு பல வருடம் நிற்கும். அதே பெயரோடு இன்னொரு தகட்டைக் கிழங்குக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள், பாத்தியின் வரைபடமும் தனியாக இருக்கட்டும். பனி அள்ளும்போது முதலில் காணாமல் போவது மேலே நிற்கும் தகடுதான்.

பாத்திகட்டி சொன்னபடி பெயர் சிக்காத செடிகளை மூன்று வருடம் வளர்த்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள். புதிதாக நட்ட செடி முதல் வருடம் உயரமும் கிளையும் முழுதாகக் காட்டாது. பழைய ஐரிஸ் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று 1988 முதல் இருக்கிறது. அறிமுகமாகி 30 ஆண்டு கடந்தவற்றைத்தான் அவர்கள் வரலாற்று வகை என்று கணக்கில் எடுக்கிறார்கள். ஆண்டுதோறும் கோடையில் கிழங்கு விற்பனையும் உண்டு. அரிய வகைகளைப் பல உறுப்பினர் தோட்டங்களில் பிரித்து வளர்க்கும் காவல் தோட்டத் திட்டம் ஒன்றும் நடத்துகிறார்கள். உங்கள் சிவப்புப் பூ 'இண்டியன் சீஃப்' தானா என்று பார்க்க, அவர்களிடமிருந்து உறுதி செய்த 'இண்டியன் சீஃப்' ஒன்றை வாங்கி, உங்கள் செடியிலிருந்து ஒரு கிழங்கையும் அதே நாளில் பிடுங்கி, இரண்டையும் ஒரே பாத்தியில் இரண்டடி இடைவெளியில் நடுங்கள். ஒரே மண், ஒரே வெயில், ஒரே வயது இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். இரண்டாவது வசந்தத்தில் ஒரே காலையில் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பூவைப் பறித்து, இதழ் இதழாகப் பிரித்து வெள்ளைத் தாளில் அடுக்கிப் பாருங்கள். இதழ்க் கழுத்தின் கோடுகளும் தாடியின் நிறமும் மாறினால் அது வேறு செடி.

---

வேலியோரம்:

இரண்டடி இடைவெளி, ஒரே நாள் நடவு, குறித்துக்கொண்டேன் அக்கா. மே சந்திப்பு முடிந்ததும் படங்களையும் அளவுகளையும் இதே இழையில் போடுகிறேன்.

---

பாத்திகட்டி:

போடும்போது இலையடிப் படத்தை விட்டுவிடாதீர்கள். மூன்று செடிக்கும் வேண்டும்.